கூட யாரு வந்திருக்கா?

மஞ்சள் டை கட்டிய மாமனார்

அந்த ரப்பர் பொம்மையிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "கூட யாரு வந்திருக்கா?" என்பதுதான்.

பொம்மை விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நிறைமாத வயிறு, வழுவழுப்பான முகம், மூடவே தெரியாத கண்கள். எனக்குத்தான் கை வியர்த்தது.

மதுரையில் ஒரு பயிற்சி நிலையத்தில் நடந்த சான்றிதழ்த் தேர்வு அது. நர்ஸ் பிராக்டிஷனர் இன் மிட்வைஃபரி. சொல்லி முடிப்பதற்குள் ஒரு பிரசவம் ஆகிவிடும். விஷயம் எளிதுதான். சிக்கல் இல்லாத பிரசவத்தை, டாக்டரின் உத்தரவுக்குக் காத்திருக்காமல், தானே முடிவெடுத்துப் பார்க்க ஒரு நர்ஸுக்குத் தரப்படும் தகுதி. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். மிச்சம் இருந்தது செய்முறை. எங்கள் பாஷையில் ஓஸ்கி. ஒரு நீளக் கூடத்தைத் திரை போட்டுத் தடுத்திருப்பார்கள். ஒவ்வொரு தடுப்பும் ஒரு ஸ்டேஷன். மணி அடித்தால் உள்ளே போய்க் கொடுத்த வேலையைச் செய்ய வேண்டும். மறுபடி மணி அடித்தால் அடுத்ததற்கு நகர வேண்டும். ஸ்டேஷன்கள் நிற்கும், நாம்தான் ரயில்.

நான் கோவில்பட்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில், பின்னல் கருப்பாக இருந்த காலம் தொட்டு வேலை பார்க்கிறவள். எங்கள் வார்டில் கர்ப்பிணி வாய் திறந்து யாரும் கேட்டதில்லை. அவளுக்குத் தலைவலி என்றால் அவள் அம்மா சொல்வாள். பசி என்றால் மாமியார் சொல்வாள். எத்தனை மாதம் என்றால் நாத்தனார் விரல் மடக்கி எண்ணுவாள். எண்ணிக்கை தவறென்று சித்தி சண்டைக்கு வருவாள். இத்தனைக்கும் நடுவில் கட்டிலில் கிடக்கிறவள், தன் வயிற்றைப் பற்றி ஊர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு கிடப்பாள். நாங்களும் கட்டிலை ஒரு தரம் பார்த்துவிட்டு, பக்கத்தில் நிற்கிறவர்களைத்தான் கேட்போம். கழுத்து அப்படியே பழகிவிட்டது.

பொம்மைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு நாற்காலி. அதில் மஞ்சள் டை கட்டிய ஒருவர், மடியில் அட்டையும் கையில் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். என் கழுத்து தானாகத் திரும்பியது.

"நீங்க இவியளுக்கு என்ன வேணும்?"

அவர் நிமிர்ந்தார். "என்ன சிஸ்டர்?"

"அப்பாவா, மாமனாரா? எப்பலேந்து வலி?"

"நான் எக்ஸாமினர்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். பதற்றம் யாரை நிறுத்த விட்டது? "சரிங்க, ஸ்கேன் ரிப்போர்ட் கையில வச்சிருக்கியளா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் பேனாவை மூடினார். மூடிய சத்தம் எனக்கு மட்டும் பட்டாசு மாதிரி கேட்டது.

சொன்னால்தான் செய்தது

ஃபெயில். ஒரு வாய்ப்புதான் பாக்கி. அதிலும் தவறினால் படிப்பையே முதலிலிருந்து படிக்க வேண்டும்.

எங்கள் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரம்மா கோபப்படவில்லை. மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய், வெள்ளையடித்துப் பூட்டி வைத்திருந்த ஒரு அறையைத் திறந்து காட்டினார். ஜன்னலைத் திறந்தால் ஊர் முடிந்து கரிசல் காடு தொடங்குகிற இடம் வரை தெரியும்.

"டாக்டர் கைபடாம, மிட்வைஃபே முழுசாப் பாக்குற பிரசவ ரூமு. ஒன்ன நம்பித்தான் வெள்ளையடிச்சேன் வேலம்மா. ஆனா சர்டிபிகேட் இல்லாம சாவியத் தர முடியாது பாத்துக்கோ. கீழ உள்ளவிய ஸ்கேன் மிஷின் வைக்க இந்த ரூமக் கேக்காவ. நானும் எம்புட்டு நாளு பொத்தி வைக்க?"

அந்த அறை எனக்கு வேண்டும். பதவிக்காக இல்லை. குழந்தை இறங்குகிற நேரத்தை என் உள்ளங்கை அறிந்துவிடும். அறிந்த பிறகும் வாய் போனில் அனுமதி கேட்டுக்கொண்டிருக்கும். மேகம் தலைக்கு மேல் வந்து நின்ற பிறகும், மழை பெய்யலாமா என்று இன்னொரு ஊருக்குக் கடிதம் போட்டுக் காத்திருப்பது மாதிரி.

என் வார்டில் ஜெனி என்றொரு பெண். என் மகள் வயது, புதியம்புத்தூர்க்காரி, முதல் தடவையிலேயே பாஸானவள். வெட்கத்தை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு அவளிடம் போனேன்.

"அக்கா, நீங்க அந்தப் பொம்மைக்கு என்னெல்லாம் செஞ்சீங்க?"

"கையக் கழுவுனேன். வயித்தத் தொட்டுப் பாத்தேன். தலை கீழ இருக்கான்னு பாத்தேன். எல்லாம் சரியாத்தான் செஞ்சேன்."

"வாய விட்டுச் சொன்னீங்களா?"

"கை கழுவுததச் சொல்லவா செய்வாவ? அங்கன ஒக்காந்திருக்கவருக்குக் கண்ணு இல்லயா?"

"ஓஸ்கில சொல்லாதது செய்யாததுக்கா. செய்யச் செய்யச் சொல்லிக்கிட்டே இருக்கணும். இன்னொண்ணு, பேஷண்ட்டுகிட்டதான் பேசணும். பக்கத்துல கடவுளே வந்து நின்னாலும் திரும்பக் கூடாது."

அன்றிலிருந்து என் வாய் மூடவில்லை. வீட்டில் "இப்போது நான் கைகளைக் கழுவுகிறேன்" என்றேன். "கழுவு தாயி, யாரு வேண்டாம்னது" என்றார் வீட்டுக்காரர். டவுன் பஸ்ஸில் என்னை அறியாமல் "இப்போது நான் படியில் ஏறுகிறேன்" என்று சொல்லிவிட்டேன். "ஏறுங்கக்கா, நான் என்ன தடுக்கவா செய்யுதேன்?" என்றார் கண்டக்டர்.

வார்டில்தான் வினை. பிரசவமான ஒரு பெண்ணுக்கு, "ரத்தப்போக்கு அதிகம் இருக்கிறதா என்று பார்க்கிறேன்" என்று மணிமணியாகச் சொன்னேன். கதவுக்கு வெளியே நின்ற சித்தப்பா 'ரத்தப்போக்கு அதிகம்' வரைக்கும் கேட்டுவிட்டு ஊருக்குப் போன் போட்டுவிட்டார். சிறிது நேரத்தில் ஒரு லோடு ஆட்டோ நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றார்கள். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள் என்றதும் மகிழ்ச்சியை விட ஏமாற்றம்தான் அவர்கள் முகத்தில் அதிகம் தெரிந்தது. வேலையை விட்டு வந்திருக்கிறார்கள் அல்லவா?

"இல்லைங்கிறத மொதல்லயே சொல்லிருங்கக்கா" என்றாள் ஜெனி.

இசக்கிமுத்துவுக்கு எட்டாம் மாதம்

பழக ஒரு ஆள் வேண்டும். என் வீட்டுக்காரர் இசக்கிமுத்து கடைகடையாகக் கடலை மிட்டாய் போடுகிறவர். மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுவார். சட்டையில் எப்போதும் வெல்லப்பாகு வாசம். ஜெனியின் அப்பா புதியம்புத்தூரில் நைட்டி தைக்கும் யூனிட் வைத்திருக்கிறார். மிஞ்சிய துணியில் நாடா வைத்துத் தைத்த ஒரு வயிறு அங்கிருந்து வந்து சேர்ந்தது. ஊதா நிறத்தில் வெள்ளைப் பூப் போட்டது. உள்ளே கந்தல் அடைத்து கனமாகவே செய்திருந்தார்கள்.

"ஏட்டி, இது ஒனக்கே நல்லா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே படுத்தார். ஜெனி நாற்காலி போட்டு எக்ஸாமினராக உட்கார்ந்தாள்.

"வணக்கம், என் பெயர் வேலம்மாள். நான் உங்களைப் பரிசோதிக்கப் போகிறேன். உங்கள் பெயர் என்ன?"

"கட்டிக்கிட்டு இம்புட்டு வருசங் கழிச்சுக் கேக்கியா?"

"பேரச் சொல்லுங்க."

"இசக்கிமுத்து."

"கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?"

அவர் யோசித்தார். பிறகு தலையைத் திருப்பி என்னையே கேட்டார். "நான் எப்பட்டி சாப்பிட்டேன்?"

ஜெனி சிரித்ததில் பேனா கீழே விழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு ஆம்பிளை கொஞ்ச நேரம் வயிற்றைக் கட்டிக்கொண்டு மல்லாந்து படுத்ததும், தான் சாப்பிட்டது கூட அவருக்கு மறந்து போகிறது. பதிலைப் பக்கத்தில் நிற்பவளிடம் தேடுகிறார். அப்படியானால் படுக்கையில்தான் ஏதோ இருக்கிறது. படுத்தவுடன் நாக்கை யாரோ வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

"அக்கா, வயித்தத் தொடுறதுக்கு முன்னால முக்கியமான கேள்வி ஒண்ணு இருக்கு" என்றாள் ஜெனி. "இங்க யாரெல்லாம் இருக்கலாம்னு பேஷண்ட்டக் கேக்கணும். வேண்டாம்னு சொன்னா அவங்க வெளிய போயிரணும். யாரா இருந்தாலும்."

கேட்டேன். இசக்கிமுத்து வாய் திறப்பதற்குள், உறைமோர் வாங்க வந்த எதிர்வீட்டுக் கற்பகம் வாசலில் கிண்ணத்தோடு நின்றுவிட்டாள். மேலும் கீழும் பார்த்தாள்.

"அண்ணாச்சிக்கு எத்தன மாசம்?"

"இவள வெளிய போகச் சொல்லுட்டி!" என்று அலறினார் இசக்கிமுத்து.

"இப்பச் சொன்னாரு பாருங்க, அதான் சரியான பதில்" என்று ஜெனி மதிப்பெண் போட்டாள். கற்பகம் உறைமோரோடு சேர்த்துச் செய்தியையும் வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் அவர் மிட்டாய் போடப் போன கடையிலெல்லாம், மாங்காய் வேண்டுமா, புளியங்காய் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள்.

வெந்நீர்

அடுத்த தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. பசுவந்தனைப் பக்கத்திலிருந்து முத்துமாரி என்ற பெண் வந்து சேர்ந்தாள். தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்குகிறவள், மருந்தில் முக்குவதற்காகக் குச்சிகளைச் சட்டத்தில் வரிசை வைக்கிற வேலை. தலைப்பிரசவம், நாள் இன்னும் இருந்தது. கால் வீக்கம் என்று மாமியார் கூட்டி வந்திருந்தார். அதையும் மாமியார்தான் சொன்னார்.

நான் தேர்வு மயக்கத்தில் இருந்தேன். கட்டிலுக்கு நேராக நின்று, "வணக்கம், என் பெயர் வேலம்மாள்" என்றேன்.

"தெரியும் தாயி" என்றார் மாமியார்.

"உங்களுக்கு என்ன செய்கிறது?" என்று முத்துமாரியைக் கேட்டேன்.

"ஒண்ணும் செய்யல. கால்தான் கொஞ்சம் அதச்சிருக்கு. நேத்தெல்லாம் நல்லாத்தான் சாப்பிட்டா" என்று மாமியார் முந்திக்கொண்டார்.

"நான் அவியகிட்டக் கேக்குதேன்மா."

"அவளுக்கு என்ன தெரியும், பச்சப்புள்ள. நான் சொல்லுதேன்லா."

முத்துமாரி என்னைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள். கேட்டே ஆக வேண்டும். முகத்துக்கு நேராக "வெளியே போங்க" என்றால் ஊர்ச்சண்டை ஆகும். அந்தப் பக்கத்து ஆட்களைப் போகச் சொன்னால் போக மாட்டார்கள். வேலை சொன்னால் போவார்கள். கும்பிட்டு இருக்கச் சொன்னாலும் சும்மா இருக்கத் தெரியாத சனம். கட்டிலடியில் இருந்த ஃபிளாஸ்க்கை எடுத்துக் கொடுத்தேன்.

"அம்மா, கேண்டீன்ல போயி வெந்நீ வாங்கிட்டு வாங்க. நல்லா கொதிச்ச தண்ணியா இருக்கணும். நீங்க நின்னு பாத்து வாங்குனாத்தான் சரியா இருக்கும்."

அந்த அம்மாள் பொறுப்பு வந்த நடையில் போனார். கதவு சாத்திய சத்தம் கேட்டதும் முத்துமாரியின் வாய் திறந்தது.

"தல விண்ணு விண்ணுன்னு தெறிக்கு சிஸ்டர். கண்ணுக்கு முன்னால பூச்சி பறக்க மாதிரி இருக்கு."

"எப்பலேந்து?"

"முந்தாநாளிலேந்து."

"ஏம்மா சொல்லல?"

"கட்டை அடுக்காம இருக்கக் கள்ளம் பண்ணுதேன்னு நெனச்சிருவாவளோன்னு..."

பி.பி. பார்த்தேன். மெஷின் காட்டியதை நம்பாமல் கையால் ஒரு முறை பார்த்தேன். இரண்டு முறையும் மிக அதிகம். சிறுநீரில் புரோட்டீன். தலைவலி, கண் மங்கல், கால் வீக்கம், பி.பி. எல்லாம் ஒரே திசையைக் காட்டின. எந்த நேரமும் ஜன்னி கண்டு வலிப்பு வரலாம். இந்த வகைப் பிரசவத்தை நர்ஸ் தனியே பார்க்கக் கூடாது. எது என் கையை மீறியது என்று தெரிவதற்கும் சேர்த்துத்தான் அந்தப் படிப்பு. பெரிய டாக்டரம்மா ஓடி வந்தார். மக்னீசியம் ஊசி போட்டு, அன்று பொழுது சாய்வதற்குள் ஆபரேஷன். ஆண் பிள்ளை. சற்று எடை குறைவு. ஆனால் தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை.

மாமியார் ஃபிளாஸ்க்கோடு வெளியே நின்றுகொண்டிருந்தார். நடந்ததையும், முத்துமாரி ஏன் வாய் திறக்கவில்லை என்பதையும் சொன்னேன். சேலைத் தலைப்பால் ஃபிளாஸ்க்கின் ஈரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எங்கிட்டச் சொல்லிருந்தா நான் கள்ளம்னா சொல்லிருப்பேன்?" என்று கேட்டார்.

அவரே யோசித்தார்.

"சொல்லிருப்பேந்தான். நானும் அந்த ஆபீஸ்ல கட்டை அடுக்குனவதான சிஸ்டர். எனக்குத் தல வலிச்சப்ப யாரு கேட்டா?" பிறகு ஃபிளாஸ்க்கை நீட்டினார். "இந்த வெந்நீய யாரு குடிக்கப் போறா இப்ப?"

அதை நானும் ஜெனியும் காப்பி போட்டுக் குடித்தோம்.

திரைக்குப் பின்னால்

மறுபடி மதுரை. மறுபடி அதே கூடம், அதே மணி. உள்ளே போனால் அதே மஞ்சள் டை. என்னைப் பார்த்ததும் அவர் நாற்காலியைச் சற்றே பின்னால் நகர்த்திக்கொண்டது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

இந்த முறை பொம்மை இல்லை. ஒரு பயிற்சி மாணவி, துணி வயிறு கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். காலையிலிருந்து ஊர்ப்பட்ட கை தன் மேல் பட்ட களைப்பு முகத்தில் தெரிந்தது. பக்கத்தில் சேலை கட்டிய ஒரு டியூட்டர், மாமியார் வேஷத்தில். புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். எனக்காகவே சேர்த்தார்களோ என்று இன்றும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

"வணக்கம், என் பெயர் வேலம்மாள். உங்களுக்கு என்ன செய்கிறது?" என்று படுத்திருந்தவளைக் கேட்டேன்.

"அவளுக்கு ஒண்ணுமில்லைங்க, எல்லாம் நல்லா இருக்கா" என்றார் டியூட்டர், ரொம்ப இயல்பாக.

எனக்குள் பசுவந்தனை விழித்துக்கொண்டது. மேஜை மேல் தண்ணீர்ப் பாட்டில் ஒன்று இருந்தது. எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"அம்மா, இதுல கொஞ்சம் வெந்நீ வாங்கிட்டு வாங்க. நீங்களே நின்னு பாத்து வாங்குங்க."

டியூட்டர் விழித்தார். அவருக்குக் கொடுத்த வசனத்தில் இது இல்லை. எக்ஸாமினரைப் பார்த்தார். அவர் தோளைக் குலுக்கினார். டியூட்டர் பாட்டிலோடு வெளியேறினார்.

அடுத்த வரி ஜெனி சொல்லிக்கொடுத்தது. ஊதா வயிற்றின் மேல் கை வைத்துப் பழகி ஊறிப்போனது. அதுவாகவே வெளியே வந்தது.

"வயித்தப் பரிசோதிக்கப் போறேன்மா. இங்க வேற யாரும் இருக்கலாமா? இவரு இருக்கலாமா?"

சொன்ன பிறகுதான், என் கை அந்த நாற்காலியைக் காட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன்.

மாணவி என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவளுக்கும் இந்த இடத்தில் வசனம் கிடையாது. யோசித்தாள். ஒருவேளை அன்று காலையிலிருந்து யாரும் அவளிடம் கேட்காத கேள்வியாக இருந்திருக்கும்.

"வேண்டாம்" என்றாள். "சார் இருந்தா கூச்சமா இருக்கு."

முடிந்தது கதை என்று நினைத்தேன். போன தடவை மாமனாராக்கினேன். இந்தத் தடவை வெளியேற்றிவிட்டேன். மாடி அறையில் ஸ்கேன் மெஷினை இறக்கும் சத்தம் காதில் கேட்டது. ஆனால் பேஷண்ட் வேண்டாம் என்றுவிட்டாள். ஒரு தரம் கேட்டுவிட்டு, பதிலை மாற்றிக்கொள்ளச் சொல்ல முடியாது.

"சார், கொஞ்சம் திரைக்கு அந்தப் பக்கம்..."

"நான் மார்க் போடணுமே சிஸ்டர்?"

"அவிய வேண்டாங்காவ சார்."

அவர் அட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். திரையை விலக்கிக்கொண்டு மறைந்தார். கீழே அவருடைய ஷூ மட்டும் தெரிந்தது.

அப்போதுதான் என் வாய் எனக்குக் கை கொடுத்தது. டவுன் பஸ்ஸிலும் அடுப்படியிலும் உளறித் திரிந்த வாய். "இப்போது நான் கைகளைக் கழுவுகிறேன். கைகளை உரசிச் சூடாக்கிக்கொள்கிறேன். உங்கள் வயிற்றைத் தொடுகிறேன், வலித்தால் சொல்லுங்கள். தலை கீழே இருக்கிறது. முதுகு இடது பக்கம் இருக்கிறது. ரத்தப்போக்கு இல்லை, இல்லை என்பதைப் பார்த்துவிட்டேன்." திரைக்குப் பின்னால் பேனா ஓடும் சத்தம் கேட்டது. நான் நிறுத்தினால் அதுவும் நின்றது.

"இப்போது குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கிறேன்."

துணி வயிற்றுக்குள் என்ன துடிப்பு? அந்த எண்ணை எக்ஸாமினர்தான் சொல்ல வேண்டும். திரைக்குப் பின்னாலிருந்து கனத்த குரல் வந்தது. "நூத்தி நாப்பது. சீராக இருக்கு."

"ஐயோ, பாப்பா பேசுது!" என்றாள் மாணவி. சிரிப்பில் வயிறு குலுங்கி நாடா அவிழ்ந்துவிட்டது. "வயிறு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, சரி செய்கிறேன்" என்று அதையும் சொன்னேன். மணி அடித்தது.

வெளியே வந்தால் டியூட்டர் பாட்டிலோடு எதிரே வந்தார். "சிஸ்டர், இந்தக் கட்டடத்துல எங்கயுமே வெந்நீர் கிடைக்கலை" என்றார், உண்மையான வருத்தத்தோடு.

எல்லாம் முடிந்து போகிறபோது மஞ்சள் டை என்னைக் கூப்பிட்டார். குற்றவாளி மாதிரி நின்றேன்.

"எல்லாம் தெளிவாக் கேட்டுச்சு சிஸ்டர். கை சூடாக்கினதைச் சொன்னது மட்டும் கொஞ்சம் சத்தம் கம்மி." பிறகு அட்டையை மூடிக்கொண்டே கேட்டார். "அந்தப் பொண்ணு சரின்னு சொல்லியிருந்தா?"

"இருந்திருப்பிய சார்."

"மாமனாராவா?"

முதல் முறையாக அவர் சிரித்துப் பார்த்தேன்.

ஃபிளாஸ்க்

பாஸ். மாடி அறையின் சாவி இப்போது என் இடுப்பில். கற்பகத்தின் மகளுக்கு அங்கேதான் பிரசவம் பார்த்தேன். கற்பகத்தை வெளியே அனுப்பியதில் இசக்கிமுத்துவுக்கு இருந்த சந்தோஷம் எனக்குக் கூட இல்லை. தெரு பூராவும் கடலை மிட்டாய் கொடுத்தார்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள், தேர்வுக்கு என்ன படிக்கணும்க்கா என்று. புத்தகத்தை ஜெனியிடம் கேளுங்கள் என்பேன். என்னிடம் இருப்பது ஒன்றுதான். படுத்திருக்கிறவளிடம் கேளுங்கள். கேட்ட பிறகு, அவள் பேசுகிற அளவுக்கு அந்த இடத்தைக் காலி செய்து கொடுங்கள். ஒருத்தி "வேண்டாம்" என்று சொன்னால் அதற்காக ஒரு நாற்காலி எழ வேண்டும். எழவில்லை என்றால் அவள் அடுத்த முறை சொல்ல மாட்டாள். கரிசல் மண் மழைக்கு வாய் மூடும், வெயிலுக்கு வாய் பிளக்கும். பெண்கள் அப்படி இல்லை. யாராவது கதவைச் சாத்தினால்தான் அவர்கள் வாய் திறக்கும்.

அந்த அறையில் கட்டில், தொட்டில், பி.பி. மெஷின், ஜன்னல் நிறைய வெளிச்சம் எல்லாம் இருக்கின்றன. கட்டிலடியில் ஒரு ஃபிளாஸ்க்கும் இருக்கிறது. யாராவது கழுவி நிரப்பி வைத்துவிட்டால் உடனே போய்க் கொட்டிவிடுவேன். அது எப்போதும் காலியாகத்தான் இருக்க வேண்டும்.